கறுத்துப்போகும் சென்சார்

காந்திமதிநாதன் அண்ணாச்சியின் கார் மூன்றாவது தடவையாக என் பட்டறைக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். இரண்டு தடவை சரிபண்ணி அனுப்பிய வண்டி, இன்ஜின் கோளாறைச் சொல்லும் அதே மஞ்சள் விளக்கை எரியவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் எந்த மெக்கானிக்குக்குத்தான் வயிறு எரியாது? பின்னால் போய்ப் பார்த்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. புகைக்குழாயின் விளிம்பைத் துணியால் வழித்தால் மைடப்பாவில் விரலை விட்டதுபோல் கரி.

"எம்மா கலை, மறுபடியும் அந்த வெளக்கு எரியுதும்மா" என்றார் அண்ணாச்சி, ஏதோ தான் திருடிவிட்டு வந்தவர்போல.

"எரியட்டும், எரியட்டும். எனக்கும் உள்ள எரியத்தான் செய்யுது" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் கலையரசி என்று பெயர்ப்பலகை போட்டு, ஒரு பொம்பளை தனியாகப் பட்டறை நடத்த வேண்டுமென்றால் வாய் நீளமாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கொம்பையா எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"யக்கா, அண்ணாச்சி வண்டி ஒங்கள விட்டுப் பிரியமாட்டேங்கே. பேசாம ரேசன் கார்டுல பேரச் சேத்து ஒங்க வீட்லயே வச்சுக்கிடுங்க."

"போலே, ஒன் சோலியப் பாரு" என்று விரட்டினேன்.

ஆனால் இந்தத் தடவை விளையாட்டில்லை. வண்டிக்கு வயது இருபது ஆகப்போகிறது. பதிவைப் புதுப்பிக்கும் கெடு அந்த மாதக் கடைசி. அதற்குமுன் புகைச் சோதனையில் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாது, நேரே காயலான் கடைதான். புனேயில் இருக்கும் அவர் மகள் வேணி அதற்காகவே காத்திருந்தாள். வண்டி போய்விட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவும் புனேக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டிருந்தார். "வண்டி இல்லன்னா இங்கன இருந்து நான் என்னம்மா செய்யப் போறேன்?" என்று என்னிடமே கேட்டார். கேட்டவிதம் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்த ஊர் சேரன்மகாதேவி. வயல்களெல்லாம் கைமாறிப் போன பிறகு பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்தது படிப்பும் திருநீறும்தான். பொதுப்பணித்துறையில் வரைபடம் போடும் வேலை. தாமிரபரணியில் எந்த அணைக்கட்டில் எந்த வாய்க்கால் பிரிகிறது, எங்கே மடை, எங்கே மதகு என்று மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து முழு ஆற்றையும் வரைந்தவர். ஆனால் ஆற்றை நேரில் சுற்றிப் பார்த்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான், மனைவி பார்வதியம்மாளோடு, இந்த வண்டியில்.

அண்ணாச்சி பேச மாட்டார். பேச்சையெல்லாம் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தது மதினிதான். பார்வதியம்மாளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். முட்டு இரண்டும் தேய்ந்துபோனதால் பட்டறைக்கு வந்தாலும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். முன் சீட்டில் இருந்தபடியே விசாரணை நடக்கும். "ஏட்டி கலை, சாப்ட்டியா? என்ன கொளம்பு வச்ச? நேத்து வச்சதச் சூடு பண்ணித் தின்னியா, உண்மையச் சொல்லு!" என் புருஷன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்ட பிறகு, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்ட ஒரே ஆள் அவர்கள்தான். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணாச்சி பட்டறைக்கு வந்தால் ஓரமாக நிற்பார், சொன்னதற்குத் தலையாட்டுவார், போய்விடுவார்.

சரி, வண்டியின் சீக்குக்கு வருகிறேன். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று உண்டு. வண்டிக்கு அது மூக்கு. இன்ஜினிலிருந்து வரும் புகையில் காற்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். காற்று மிச்சமிருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். கூட்டுவதும் குறைப்பதுமாக நடந்துகொண்டே இருக்கும். மீட்டரை மாட்டிப் பார்த்தால் எண் ஏறி இறங்கி ஊஞ்சல் ஆட வேண்டும். அண்ணாச்சி வண்டியில் எண் உச்சியில் ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்ரோல் அதிகம், அதிகம் என்று கத்துகிறது என்று அர்த்தம்.

கத்துவது உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இன்ஜினுக்குக் காற்று போகும் சின்னக் குழாய் ஒன்றைக் கழற்றிவிட்டால் அதிகப்படி காற்று உள்ளே நுழையும். நல்ல சென்சாராக இருந்தால் எண் உடனே கீழே இறங்கும். முதல் தடவை கழற்றிப் பார்த்தபோது எண் அசையவே இல்லை. சென்சாரைக் கழற்றினால் முனை அண்டங்காக்கை நிறத்தில் இருந்தது. மாற்றினேன். வண்டி ஜோராக ஓடியது.

இரண்டாவது தடவை வந்தபோது எனக்கு உறைத்தது. சென்சார் கறுத்தால் சென்சாரைத் திட்டிப் பயனில்லை, கறுக்க வைத்தது எது என்று தேட வேண்டும். தேடினேன். ஏர் பில்டரில் அடைப்பில்லை. பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரில் ஒழுக்கில்லை. புகைக்குழாய் மூட்டில் ஓட்டையில்லை. இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரும் சரியாகத்தான் சொன்னது. எல்லாம் சரியாக இருந்தும் அந்த மூக்கு மட்டும் கறுத்துப் போகிறதே, என்ன எளவு என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த மாடலுக்குச் சென்சார் வருவது நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. மதுரையில் ஒரு பழைய கடையின் மூலையிலிருந்து கடைசியாக ஒன்றைப் பிடித்து மாட்டினேன். இதுவும் போனால் வேறில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்தக் கடைசிச் சென்சார்தான் இப்போது கறுத்து வந்திருந்தது.

நல்லவேளை, முழுக்கச் சாகவில்லை. நாலுவழிச் சாலையில் ஏற்றி, கங்கைகொண்டான் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனேன். புகையின் சூட்டில் கரி எரிந்து, எண் மறுபடியும் ஊஞ்சல் ஆடியது. என் கையில் வண்டி ஆரோக்கியம், அவர் கையில் சீக்கு. அப்படியென்றால் கோளாறு வண்டியில் இல்லை.

"அண்ணாச்சி, வண்டிய என்னதான் செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டுதேன். வேற என்ன செய்ய?"

"ஓடுன தூரத்துக்கும் குடிச்ச பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லையே. நாளைக்கு எங்க போறீங்க?"

"திங்கக்கெழமல்லா. முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை. கோயிலுக்கு."

"நானும் வாரேன். மீட்டர மாட்டிட்டு ஒங்க கூடவே உக்காந்து பாத்துருதேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நீ எதுக்கும்மா அலஞ்சுக்கிட்டு..." என்று இழுத்தார்.

"கோயிலுக்கு நான் வரக் கூடாதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. வா, வா" என்றார்.

மறுநாள் காலை சென்சாரிலிருந்து நீளமாக ஒரு வயரை பானட் இடுக்கு வழியாக எடுத்து மீட்டரில் மாட்டிக்கொண்டு, முன்பக்க இடது கதவைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி பதறிவிட்டார். "எம்மா, பின்னால உக்காந்துக்கிடுதியா?"

எனக்குச் சுரீரென்றது. என் அம்மா ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டங்களில் தார் சுமந்தவள். பெரிய வீடுகளில் யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தத் தம்ளரில் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த காது எனக்கு. இத்தனை வருஷம் இந்த வண்டியில் என் கைபடாத இடமில்லை, சீட்டில் மட்டும் என் உடம்பு படக் கூடாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் வண்டை வண்டையாக வந்துவிடும் என்று பின்னால் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது.

முறப்பநாடு வரைக்கும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எண் அழகாக ஆடிக்கொண்டு வந்தது. கோயிலுக்கு முன்னால் மரநிழலில் நிறுத்தினார். சாவியைத் திருப்பாமல் இறங்கினார்.

"ஏசி ஓடட்டும், என்னம்மா" என்றார்.

எனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பரவாயில்லை, மனுஷத்தன்மை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று கோபம் பைய இறங்கியது. அவர் ஆற்றில் காலை நனைத்து, கோயிலுக்குள் போய், சாவகாசமாகக் கும்பிட்டார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றபடி ஓட ஓட, எண்ணின் ஆட்டம் தளர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

அடப் பாவி, இதுதானா என்று தொடையில் தட்டினேன். இந்தப் பழைய சென்சாருக்கு ஒற்றை வயர்தான். தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ள வழியில்லை, புகையின் சூட்டில்தான் வேலை செய்யும். வண்டி நின்ற இடத்தில் ஓடினால் புகையில் அந்தச் சூடு இருக்காது. சென்சார் குளிர்ந்து போய்விடும். மூக்கு அடைத்த கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் கரியாகிச் சென்சார் மேலேயே படியும். ஆனால் இன்றைக்கு நான் உள்ளே இருக்கிறேன், எனக்காக ஓடவிட்டார். மற்ற நாளில் யாருக்காக?

ஸ்ரீவைகுண்டத்தில் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லி நானும் இறங்கிவிட்டேன். இறங்கியதை அவர் பார்த்தார். டீக்கடையில் தம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. கிட்டே போய்க் கதவை இழுத்தால் நாலும் பூட்டியிருக்கிறது. ஓடுகிற சாவியை உள்ளேயே விட்டுவிட்டு, மடியில் வைத்திருந்த இன்னொரு சாவியால் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போயிருக்கிறார் மனுஷன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு சென்சாரைத் தின்றுவிட்டு, மதுரைக்கும் பாளையங்கோட்டைக்கும் என்னை அலையவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நின்றிருக்கிறாரே! கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு அவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? ஆளில்லாத வண்டிக்கு எதுக்கு ஏசி? இதுதான் வண்டியக் கெடுக்குது! எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அவளுக்கு வேர்க்கும்லா" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த டீத் தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"முட்டு வலி வந்ததுல இருந்து அவ எறங்க மாட்டா. ஏசியப் போட்டுவிட்டு நான் மட்டும் உள்ள போவேன். திருநீறு கொண்டாந்து நெத்தில பூசிவிடுவேன். செத்த நேரம் பிந்துனா ஏச்சு விழும். அவ போன பெறகு ஒரு நாள், பழக்கத்துல மறந்து ஓட விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வாரேன், தூரத்துலயே வண்டி ஓடுத சத்தம் கேக்கு. உள்ள ஆளு இருக்க மாதிரியே இருந்துச்சும்மா. வேகவேகமா நடந்து வந்தேன், ஏசுவாளேன்னு." நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார். "எனக்குக் கோட்டியில்ல. அவளுக்கு நாந்தான் கொள்ளி வச்சேன். ஆனா அதுக்கப்புறம் எங்க எறங்குனாலும் சாவியத் திருப்பக் கை வரமாட்டேங்கு. மார்க்கெட்டு, பென்சன் ஆபீசு, முடிவெட்டுத கட, எல்லா எடத்துலயும்தான்."

பின் சீட்டில் என்னை ஏன் உட்காரச் சொன்னார் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. கதவை அறைந்து சாத்தினேனே என்று வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? நான் மட்டும் என்ன ஒழுங்கு? காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது டி.வி.யை ஓடவிட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். சாயங்காலம் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். இதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

"வேணிக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரிஞ்சா விடுவாளா? அப்பனுக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவா."

சொல்ல எனக்கு மனசே இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நான் என்ன மெக்கானிக்? டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"கேட்டுக்கிடுங்க. நின்ன எடத்துல ஓட விட்டா அந்தச் சென்சார் கறுத்துரும். இனி மாத்த வேற கெடையாது, இதுதான் கடைசி. ஓட விடணும்னா வண்டி போயிரும், நீங்களும் புனேக்குப் போயிருவீங்க. வண்டி வேணும்னா எறங்கும்போது இன்ஜின அமத்தித்தான் ஆகணும். நடுவுல வேற வழி இருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேன்."

அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். அது அங்கே நின்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்படிப் பாத்தாலும் அவதானம்மா போறா" என்றார்.

அவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்ப் பின் கதவைத் திறந்து, பைய ஏறி, பைய சாத்தினேன்.

அந்த வாரமே புகைச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. பதிவும் புதுப்பித்தாயிற்று, இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. வேணி எனக்குப் போன் பண்ணி, "நீங்க சரி பண்ணியிருக்க வேண்டாம்க்கா" என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே தனியாக இருக்கும் அப்பனை நினைத்துத் தினமும் பயந்துகொண்டிருக்கிற பிள்ளைதானே. ஊரில் கேட்பவர்களிடம், கலையரசி கண்டுபிடிச்சிட்டாய்யா என்று கொம்பையா பெருமை பேசுகிறான். என்ன கோளாறு என்று அவனுக்கும் நான் சொல்லவில்லை. என் கண்ணில் நிற்பது அந்தச் சோதனையும் இல்லை, பாராட்டும் இல்லை. அதே திங்கட்கிழமை, தென்திருப்பேரையில் நடந்ததுதான்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அங்கே போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் வாழை. அண்ணாச்சி வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தான். கோயில் பக்கம் வந்ததும் நிழல் தேடி, முன்னே போய், பின்னே வந்து, மறுபடியும் முன்னே போய் நிறுத்தினார். கை சாவியில் இருந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்காரி ஒருத்தி பூ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். உச்சிகாலப் பூஜைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. அவர் கை அப்படியே இருந்தது.

பிறகு சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நின்றது. ஏசியும் நின்றது. நான் மீட்டரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரும் இறங்கினார். கோயில் பக்கம் போகாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். முன் கதவைத் திறந்து, குனிந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை அரைச்சாண் இறக்கிவிட்டார். காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இந்தா, வந்திருதேன்" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.